சுவிட்சை அணைத்த கை

அத்தியாயம் பதினேழு

யோகேஸ்வரி ஆறுபடை வீடுகளையும் தரிசித்துவிட்டு வரப் புறப்பட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா? புண்ணியம் தேடிப் போனவள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போன பேச்சில் புண்ணியம் மருந்துக்கும் இல்லை.

"நான் திரும்பி வர்றப்ப என் காடி நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும் அண்ணி. ஏதாவது ஆச்சு, அப்புறம் இந்த வீட்டுல ஒண்ணு நான், இல்ல நீங்க."

வாசுகி விடுவாளா? "என் கையால அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கோலா கெத்தில்ல எங்க அண்ணன் வீட்டுக்கு நானே போயிடுறேன். ஆகலன்னா நீ வேற வீடு பாத்துக்க லா."

நடுவில் லோகேஸ்வரன். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு அண்ணன். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று தங்கையின் பெட்டியைத் தூக்கி வைத்தானே தவிர, இரண்டு பேரையும் பார்த்து வாயை மூடுங்கள் என்று சொல்லவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். நல்ல மனிதன் என்று தாமான் குடியிருப்பில் பெயர் வாங்குவதற்கு வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்பதைக் கண்டுபிடித்தவன்.

அந்தக் காடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெள்ளை நிற மின்சாரக் கார். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் யோகேஸ்வரி வாங்கியது. ஆறு மாதத்துக்கு முன் கட்டியவனிடமிருந்து அவள் கிளம்பி வந்தபோது கூட வந்தது அது ஒன்றுதான். சுங்கைப் பட்டாணி வீட்டின் போர்ச்சை அது அடைத்துக்கொண்ட நாளிலிருந்து வாசுகியின் மோட்டார் சைக்கிள் வெயிலில் நிற்கிறது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பகை முற்ற அந்த ஒரு வெயில் போதுமானதாக இருந்தது.

போகும்போது யோகேஸ்வரி குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். சார்ஜர் பிளக்கைக் கழற்றக் கூடாது. அறுபது விழுக்காட்டோடு நிற்கும்படி வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கக் கூடாது. கதவைச் சும்மா சும்மா திறக்கக் கூடாது, காடி விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும். மேலே துணி காயப் போடக் கூடாது. கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: காடியின் காவல் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

மாவு எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வரி வாசுகியின் முகத்தில் அடித்தது. அவள் காடியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று வீம்பாக இருந்தாள். அந்த வீம்புதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு யோகேஸ்வரி பினாங்கிலிருந்து கிராப் டாக்சி பிடித்து வந்து இறங்கினாள். பெட்டி தெருவிலேயே கிடக்க, நேராகக் காடியிடம் போனாள். கைபேசியை நீட்டினாள். கதவு அசையவில்லை. சாவி அட்டையை எடுத்துத் தேய்த்தாள். ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு சத்தம் வரவில்லை.

"அண்ணி!"

அடுத்த தெருவில் நாய் குரைத்தது. வாசுகி ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"வந்ததும் வராததுமா ஏன் கத்துற? பசியாறினியா?"

இதை உபசாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டைக்கு முன் வாசுகி எப்போதும் கேட்கும் கேள்வி அது.

"என் காடிய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் ஏன் பண்றேன்? அதான் கேமரா வச்சு காவல் காக்குதே."

"சுவிட்ச பாருங்க."

செருப்பு அலமாரிக்குப் பின்னால் சுவரில் இருந்த சுவிட்சை வாசுகி எட்டிப் பார்த்தாள். அணைந்திருந்தது. பிளக் அதன்பாட்டில் துளையில் செருகியபடியே இருந்தது.

வாசுகி மறுபடி குனிந்து பார்த்தாள். ஏனென்றால் அந்தச் சுவிட்சில் அவள் ஒருமுறை கை வைத்திருந்தாள். யோகேஸ்வரி போன மறுநாள், வியாழன் இரவு, வானம் பிளந்துகொண்டு இடி இடித்தது. இடி இடித்தால் வீட்டில் இருக்கிற சுவிட்ச் அத்தனையையும் அணைப்பது அவளுக்குத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே ஊறிய பழக்கம். ஒரே மின்னலில் வரிசையாக ஏழு வீட்டு டிவி புகைந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள். அன்றும் டிவி, மின்விசிறி, மின்சார அரிசிச் சட்டி, சார்ஜர் என்று எல்லாவற்றையும் அணைத்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள்.

போட்டாளா? போட்டாள். நிச்சயமாகப் போட்டாள். ஆனால் எதிரே ஒருத்தி கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும்போது, செய்ததுகூடச் செய்யாதது போலத் தோன்றத்தான் செய்கிறது.

"உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கு" என்றாள் யோகேஸ்வரி. "எப்ப கெளம்புறீங்க கோலா கெத்தில்?"

லோகேஸ்வரன் உள்ளிருந்து வந்தான். கையில் செய்தித்தாள். "விடு லா யோகேஸ். பேட்டரிதானே. ரிஸாலக் கூப்பிட்டா வந்து பாத்துடப் போறான்."

"பேட்டரிதானேவா? நீங்க ஏன் அண்ணே எப்பவும் இவங்களுக்கே பேசுறீங்க?"

"எனக்கு எங்க பேசினாரு?" என்றாள் வாசுகி. "எனக்குப் பேசியிருந்தா என் மோட்டர் ஏன் வெயில்ல நிக்குது?"

அவன் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

ரிஸால் பட்டணத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன். தண்ணீர் போத்தல் அளவுக்கு ஒரு பெட்டியும் இரண்டு கம்பியுமாக வந்தான். முன்பக்கத்தில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, கம்பியை மாட்டி, முன்மூடியைத் திறக்க வைத்து, உள்ளே இருந்த சின்ன பேட்டரிக்கு உயிர் கொடுத்தான். காடியின் திரை மெதுவாக வெளிச்சமானது. பெரிய பேட்டரியில் ஒரு விழுக்காடு.

"அறுபதுல விட்டுட்டுப் போனேன்!" என்றாள் யோகேஸ்வரி.

"அக்கா, பெருசு இப்படி அடிமட்டத்துக்குப் போயிட்டா சின்னதுக்குக் கரண்டு குடுக்காது. சின்னது செத்தா கதவே தொறக்காது. அதான் நடந்திருக்கு." அவன் திரையில் எதையோ தட்டினான். "சார்ஜ் நின்னது அஞ்சாம் நாளு. ஞாயித்துக்கிழமை காலையில பதினொண்ணு நாப்பது."

வாசுகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வியாழன் இல்லை. ஞாயிறு!

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம்" என்றாள் குரலை உயர்த்தி. கெடா மாநிலத்தில் ஞாயிறு வேலை நாள். தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் அவள் அன்று காலை ஐந்தரையிலிருந்து பிற்பகல் இரண்டு வரை சட்டியோடு சட்டியாக நிற்பவள். "முந்நூறு பிள்ளைங்களுக்கு மீ கோரிங் போட்டுக்கிட்டு இருந்தேன். போய்க் கேட்டுக்க."

"பள்ளிக்கூடம் எங்க இருக்கு? நடந்து வந்தா ஏழு நிமிஷம். ரெசஸ் முடிஞ்சதும் வந்து அணைச்சிட்டுப் போக எவ்ளோ நேரம் ஆகும்?"

"எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு!"

ரிஸால் இரண்டு பேருக்கும் நடுவில் கம்பியைச் சுருட்டினான். பாவம், அவனுக்குக் காடியைப் பற்றிப் பேசுவதுதான் பத்திரமாகப் பட்டது. "ஆனா அக்கா, சுவிட்ச அணைச்சதோட மட்டும் இவ்ளோ எறங்காது. தூங்குற காடி ரொம்ப கொஞ்சமாத்தான் சாப்பிடும். மாசக் கணக்குல நிக்கும். இது தூங்கவே இல்ல. காவல் கேமரா ஓடியிருக்கு. அது இருபது விழுக்காட்டுல தானா நின்னுரும். அதுக்கு அப்புறமும் எறங்கியிருக்குன்னா..." அவன் யோகேஸ்வரியைப் பார்த்தான். "நீங்க அங்கேருந்து ஆப்ப தொறந்து தொறந்து பாத்தீங்களா?"

"எப்பவாச்சும் பாத்தேன்."

"ஒரு தரம் தொறந்தா காடி முழுசா முழிச்சிக்கும். திரும்பத் தூங்கக் கால் மணி நேரமாவது ஆகும். வீட்டுல நிறுத்தும்போது கேமராவ அணைச்சிடணும், ஆப்ப ஒரு நாளைக்கு ஒரு தரம் பாத்தா போதும். எத்தன தரம் தொறந்தீங்கன்னு உங்க போன்லயே இருக்கும் அக்கா. செட்டிங்ஸ்ல பாருங்க."

யோகேஸ்வரி பார்க்கவில்லை. வாசுகிதான் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி ரிஸாலிடம் நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கிப் படித்தான்.

"திங்கள்... நாப்பத்தொண்ணு. செவ்வாய் நாப்பத்தாறு. புதன்... அம்பத்திரெண்டு."

"அம்பத்திரெண்டு தரம்!" வாசுகி கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரம் கிடையாது. "சாமி கும்பிடப் போனவ அம்பத்திரெண்டு தரம் எங்க வாசல எட்டிப் பாத்திருக்கா. முருகன எத்தன தரம் பாத்த?"

"என் காடிய நான் பாத்தேன்!"

"காடியவா பாத்த? நான் எப்ப வர்றேன், எப்ப போறேன், யார்கிட்ட பேசுறேன்னு பாத்த. துணி காயப் போடுறப்ப உன் கேமரா என்னையே பாக்குதுன்னு அப்பவே எனக்குத் தெரியும்."

இங்கே யோகேஸ்வரி வாயைக் கொடுத்தாள். கோபத்தில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதுதான் கோபத்தின் ஒரே நல்ல குணம்.

"ஆமா, பாத்தேன். ஞாயித்துக்கிழமையே சார்ஜ் நின்னுடுச்சின்னு போன்ல செய்தி வந்துச்சி. அம்பத்தஞ்சாச்சு, நாப்பதாச்சு, இருபதாச்சு, எல்லாத்தயும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் ஒரு போன் பண்ணிச் சொல்லல?"

"எது வரைக்கும் போறீங்கன்னு பாக்கணும்னு இருந்தேன். சாகட்டும்னு விட்டேன். செத்தாத்தானே ஆதாரம்?"

அண்ணியை வெளியே தள்ள வேண்டும் என்பதற்காகத் தன் சொந்தக் காடியைப் பட்டினி போட்டுச் சாகடித்திருக்கிறாள். வாசுகிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அதே நேரம், இவள் என்னை இவ்வளவு வெறுக்கிறாளா என்று நெஞ்சு வலிக்கவும் செய்தது.

"அதெல்லாம் பேசிப் பிரயோசனம் இல்ல" என்றாள் யோகேஸ்வரி. "நான் ஆயிரம் தரம் பாத்திருக்கலாம். சுவிட்ச அணைச்சது நான் இல்ல. நான் பழனியில இருந்தேன். அணைச்சது இந்த வீட்டு ஆளு. சூடம் அடிச்சி சத்தியம் பண்ணுங்க, நான் இல்லன்னு. பண்ணுங்க பாப்போம்."

"யோகேஸ், அந்த அளவுக்கெல்லாம் வேணாம்" என்றான் லோகேஸ்வரன். காலையிலிருந்து அவன் கொஞ்சம் வேகமாகப் பேசிய வாக்கியம் இதுதான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் வாசுகி. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

சாமி மேடை கூடத்து மூலையில் இருந்தது. தட்டில் ஒரு சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். யோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். லோகேஸ்வரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"கேட்டுக்க" என்றாள் வாசுகி. "வியாழக்கிழமை ராத்திரி இடி இடிச்சிச்சி, நான்தான் அணைச்சேன். வெள்ளிக்கிழமை காலையில நானே திரும்பப் போட்டேன். அதுக்கு அப்புறம் அந்தச் சுவிட்ச என் கை தொடல. தொட்டிருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்."

எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சுடர் அணைந்தது. புகை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அவள் கையைத் தேய்க்கவில்லை, ஊதவில்லை. யோகேஸ்வரியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகேஸ்வரி சளைத்தவள் இல்லை. ஆனால் சூடத்துக்கு மேல் பேச அவளுக்கும் தெரியாது.

"அப்ப யாரு?"

அந்த நேரம் பார்த்து ரிஸால் வாசலில் தலையை நீட்டினான். கையில் காடியிலிருந்து கழற்றிய ஒரு பென்டிரைவ்.

"அக்கா, போன்ல அப்பப்ப நடக்குறது மட்டும்தான் தெரியும். காவல் கேமரா ஓடினா, பக்கத்துல ஆள் வந்ததெல்லாம் இதுலதான் பதிவாயிருக்கும். ஞாயித்துக்கிழமை ஒண்ணு இருக்கு. டிவில போட்டுப் பாக்கலாம்."

"வேணாம்" என்றான் லோகேஸ்வரன்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"ஏன் வேணாம்?" என்றாள் வாசுகி.

"சத்தியம் பண்ணியாச்சுல்ல. முடிஞ்சதுன்னு விடுங்க. ரிஸால், நீ கெளம்பு. நான் கடைக்கு வர்றேன்."

"குடு ரிஸால்" என்று யோகேஸ்வரி பென்டிரைவை வாங்கி, டிவியின் பின்னால் செருகினாள். ரிஸால் புத்திசாலி. பெட்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

படத்தில் போர்ச் தெரிந்தது. வாசுகி அன்று காயப் போட்டிருந்த துணிகள் காற்றில் ஆடின. லோகேஸ்வரன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். வேலைக்கு அவன் லீவு போட்ட ஞாயிறு, வீட்டில் அவன் மட்டும். காடிக்கு எதிரே நின்று கேமராவை உற்றுப் பார்த்தான். பிறகு செருப்பு அலமாரிப் பக்கம் குனிந்தான், சுவிட்சை அணைத்தான். திரும்ப வந்து கேமராவைப் பார்த்தான். கேமராவும் அணைந்துவிட்டது என்று நம்பியது அவன் முகத்தில் தெரிந்தது.

டிவியைப் போல நினைத்துவிட்டான். அந்த வீட்டில் சுவிட்சை அணைத்தால் எதுவானாலும் செத்துவிடும், அதுதானே பழக்கம். அறுபது விழுக்காடு வயிற்றில் வைத்திருக்கும் காடிக்குச் சுவர்ச் சுவிட்ச் ஒரு பொருட்டே இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குளிர்பெட்டித் தாளில் அதை எழுதியிருக்கவும் இல்லை.

படம் ஓடியது. லோகேஸ்வரன் கேட்டைத் திறந்தான். இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் கழுத்தில் அட்டை தொங்க, கையில் கோப்பு. இன்னொருவன் கேமராவுக்கு முதுகு காட்டி நின்றான். அளவு நாடாவின் ஒரு நுனியை அவன் பிடித்துக்கொள்ள, மறு நுனியை லோகேஸ்வரன் பிடித்தான். போர்ச்சை அளந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மூவரும் வீட்டுக்குள் போனார்கள்.

"யாரு அண்ணே இவங்க?" என்றாள் யோகேஸ்வரி.

லோகேஸ்வரன் திரையைப் பார்க்காமலே சொன்னான். "வீட்டக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டேன்னா?"

"வித்துட்டேன். போன வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாச்சு. இந்த மாசக் கடைசியில சாவியக் குடுக்கணும்."

"அப்பா தோட்டத்த விட்டு வந்து வாங்கின வீடு இது!"

"என் பேர்ல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. பதினெட்டு நாளாக, இல்லை, ஆறு மாதமாக, இரண்டு பெண்கள் இந்த வீட்டிலிருந்து யார் வெளியே போவது என்று ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று காலையில்கூட, ஒரே வார்த்தையில் சண்டையை நிறுத்தியிருக்கலாம். பெண்டாட்டி சூடத்தில் கையைச் சுட்டுக்கொள்ளும் வரை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். இவனையா நல்ல மனிதன் என்றார்கள்?

"அதுக்குத்தான் ரெண்டு பேரையும் அடிச்சிக்க விட்டீங்களா?" என்றாள் வாசுகி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சரி. ஜொகூர்ல படிக்கிற நம்ம பிள்ள லீவுக்கு வந்தா எங்க வருவான்? நாங்க எங்க போறது?"

"உனக்கு கோலா கெத்தில்ல அண்ணன் வீடு இருக்கு. போறேன்னு நீயேதானே சொன்ன." அவன் தங்கையின் பக்கம் பார்க்காமலே முடித்தான். "அவளுக்குக் காடி இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டான். உனக்கு என்றான், அவளுக்கு என்றான். நமக்கு என்று அவன் வாயில் வரவே இல்லை என்பது வாசுகிக்கு அவன் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

யோகேஸ்வரி டிவியில் படத்தைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினாள். முதுகு காட்டி நிற்கும் ஆள், கையில் அளவு நாடா.

யோகேஸ்வரி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது.

"இவன்தான் வாங்குறவனா இருக்கணும். இவனப் புடிச்சா எல்லாம் தெரிஞ்சிடும்." ஆறு மாதத்தில் முதல்முறையாக அவள் குரலில் விஷம் இல்லாமல் ஒரு கேள்வி வந்தது. "அண்ணி, இந்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாசுகிக்குத் தெரியும். முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. செம்பனைக் குலை வெட்டி வெட்டி ஒரு பக்கம் இறங்கிப் போன அந்தத் தோளும், போன தீபாவளிக்கு அவளே கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்த அந்தப் பச்சைக் கோடு போட்ட சட்டையும் போதும். அது மனோகரன். கோலா கெத்திலில் இருக்கும், அவள் கூடப் பிறந்த அண்ணன்.

சூடத்தில் அடித்த உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாது" என்றாள்.